36 முறை எழுப்பிய சிஸ்டர்களுக்கு

ஸ்ட்ரோக் வார்டு சிஸ்டர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் வாய் கோணி, இடது கையும் காலும் விழுந்த நிலையில் அப்பாவைக் கொண்டுவந்தோம். முதலில் ஆட்டோவில் போன இடத்தில் 'வெறும் மயக்கம்தான், குளுக்கோஸ் ஏற்றினால் சரியாகிவிடும்' என்று முக்கால் மணி நேரத்தை வீணாக்கிவிட்டார்கள். அது எந்த இடம் என்பது இங்கே வேண்டாம்.

உங்கள் வாசலில் இறங்கியதுமே கேட்டீர்கள், "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?" எப்போது விழுந்து கிடந்ததைப் பார்த்தோம் என்றே நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். நீங்கள் விடவில்லை. ஆறு மணிக்கு மோட்டார் போட்டது அப்பாதான் என்று அம்மாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு என்பதும், அது அந்த மோட்டார் போட்ட நேரத்திலிருந்தே ஓடுகிறது என்பதும் பிறகுதான் புரிந்தது. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்து 8.40க்கு ஊசி போட்டார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது உங்கள் தொந்தரவு. அன்று அப்படித்தான் நினைத்தேன். முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒரு தடவை, பிறகு 24 மணி நேரம் முடியும்வரை மணிக்கு ஒரு தடவை. கூட்டிப் பார்த்தால் 36. ஒவ்வொரு தடவையும் பிரஷர், கண்ணில் டார்ச், "கையைத் தூக்குங்க, பத்து எண்ணுற வரைக்கும் இறக்காதீங்க", "இது என்ன மாசம்? உங்க வயசு என்ன?"

வயதுக் கேள்வியில் ஒரு கூத்து. அப்பா குழறலாக 62 என்றார். அது சர்டிபிகேட் வயது, நிஜத்தில் 64 என்று அம்மா குறுக்கே விழுந்தார். "எதையாவது ஒண்ணை முடிவு பண்ணிச் சொல்லுங்கம்மா, நான் எதை எழுத?" என்று சிஸ்டர் சிரித்துவிட்டார்.

நடுராத்திரிக்கு மேல் நான் வெடித்துவிட்டேன். "மனுஷனைக் கொஞ்சம் தூங்க விடுங்க சிஸ்டர்." அவர் பதில் சொல்லவில்லை, கையைப் பிடித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார். 1.40க்கு பிரஷர் 196. திரும்ப எடுத்தார், இறங்கவில்லை. உடனே டியூட்டி டாக்டருக்குப் போன், நரம்பு வழியாக மருந்து. அந்த ஊசிக்குப் பிறகு பிரஷர் 180/105ஐத் தாண்டவிடக் கூடாதாம், மூளையில் ரத்தம் கசியலாம் என்றார்கள். கசிந்தால் சிலருக்குத் தலைவலி, வாந்தி. சிலருக்கு வெறும் தூக்கக் கலக்கம்தான் தெரியும். தூங்குகிறாரா, நினைவு தப்புகிறதா என்பதை எழுப்பாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த சிஸ்டரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. மன்னித்துவிடுங்கள்.

காலையில் அம்மா ஊற்றிய காபி டம்ளரை வாயருகே போகும்போது வாங்கி வைத்ததும் நீங்கள்தான். அம்மாவுக்கு முகமே செத்துவிட்டது. அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தீர்கள். மூன்றாவது ஸ்பூனில் இருமல், குரல் கரகரத்தது. அந்தக் காபி நுரையீரலுக்குள் போயிருக்கும் என்று விளக்கியபோது அம்மா சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு நாள் மூக்கில் டியூப், பிறகு கெட்டியான கஞ்சி.

இட்லி தொடங்கிய அன்று தட்டின் இடது பாதி அப்படியே இருந்தது. பிடிக்கவில்லை போல என்று நான் எடுக்கப் போனேன். நீங்கள் தட்டைத் திருப்பி வைத்தீர்கள், மிச்சத்தையும் சாப்பிட்டுவிட்டார்! இடது பக்கம் ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. வாதம் வந்த கையைப் பிடித்துத் தூக்கினால் தோள் இறங்கிவிடும் என்று என்னைத் திட்டியதும் நினைவிருக்கிறது. இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைத்ததில் முதுகில் ஒரு புண்கூட இல்லை.

108 தம்பிகளுக்கும், ஸ்ட்ரெச்சரை ஓட்டமாகத் தள்ளிய அண்ணனுக்கும், பிசியோதெரபி அம்மாவுக்கும், எனக்கு டீ வாங்கிக் கொடுத்த துப்புரவு அக்காவுக்கும் நன்றி.

அப்பா இப்போது கைத்தடியோடு வாசல்வரை நடக்கிறார். அடுத்த வியாழன் ரிவியூவுக்கு வருகிறோம். வயதை அவரே உங்களிடம் தெளிவாகச் சொல்ல வேண்டுமாம். எந்த வயது என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.