அந்த வாட்ச்சைக் கழற்றச் சொல்லாதீர்கள்

கடலூர் மாவட்டப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும், தேர்வறைக் கண்காணிப்புக்கு வரும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். 7 வயதில் அவளுக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அவள் மணிக்கட்டில் இருக்கும் ஸ்மார்ட் வாட்ச்சைப் பற்றித்தான் இந்த மடல்.

போன வருடம் அரையாண்டுத் தேர்வு, கணக்குப் பரீட்சை. காலையில் நாலு இட்லி என்று கணக்குப் பண்ணி இன்சுலின் போட்டுக்கொண்டாள். பரீட்சை பயத்தில் இரண்டுதான் இறங்கியது. மூன்றாவதை ஊட்டிவிடப் பார்த்தேன், அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. தேர்வறை வாசலில் ஸ்மார்ட் வாட்ச் கூடாது என்று கழற்றி வாங்கி, மேசை டிராயரில் வைத்துவிட்டார்கள். போன் வெளியே வராந்தாவில், அடுக்கி வைத்த பைகளுக்கு நடுவே அவள் பைக்குள் இருந்தது. பத்தே முக்காலுக்கு வீட்டில் என் போனில் அலாரம் அடித்தது. அவள் சர்க்கரை அளவு 68, அம்புக்குறி கீழே. பள்ளிக்கு ஐந்து முறை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் 51.

சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, பேனாவை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "இன்னும் ரெண்டு கணக்குதாம்மா" என்றாள். குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து மீட்டோம்.

ஜனவரியில் விடைத்தாள் கைக்கு வந்தது. முதல் மூன்று பக்கம் அவளுடைய கையெழுத்து. நாலாவது பக்கத்தில் எழுத்து கோட்டை விட்டு இறங்குகிறது. ஐந்தாவதில் 7 × 8 = 54 என்று எழுதியிருக்கிறாள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வாட்ச்சை வாங்கிய ஆசிரியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குச் சொல்லப்பட்ட விதி அது. அந்த வாட்ச் என்ன செய்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதனால் இப்போது எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

டைப் 1 இனிப்புத் தின்று வந்ததில்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. ஆயுள் முழுக்க இன்சுலின் போட்டாக வேண்டும். போட்டது கொஞ்சம் கூடிவிட்டால், சாப்பாடு குறைந்துவிட்டால், பி.டி. பீரியடில் ஓடிவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் 'லோ'. 54-க்குக் கீழே போனால் ஆபத்து. முன்பெல்லாம் இதைப் பார்க்க ஒரு நாளைக்கு ஆறேழு முறை விரலில் குத்துவோம். நடுவில் குத்தினால் வலிக்கும் என்று விரலைப் பக்கவாட்டில் திருப்பி நீட்டுவாள். இரண்டு ஓரத்திலும் மிளகுத் தூள் ஒட்டினது மாதிரி கரும்புள்ளிகள் இருக்கும்.

இப்போது அவள் மேல் கையில் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. அதுதான் சென்சார். அதன் அடியில் உள்ள மெல்லிய இழை தோலுக்குக் கீழே இருக்கும் நீரில் சர்க்கரையை அளந்து ப்ளூடூத் வழியாகப் போனுக்கு அனுப்புகிறது, போன் அதை வாட்ச்சுக்கும், இணையம் வழியாக என் போனுக்கும் தருகிறது. ஒரு சென்சார் 14 நாள் உழைக்கும். விலை சில ஆயிரம் ரூபாய், பிய்த்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது.

ஆக, அளப்பது சென்சார். எங்களிடம் இருக்கும் கருவியில் வாட்ச் அந்த எண்ணைக் காட்ட மட்டுமே செய்கிறது. "ரெண்டாயிரம் ரூபாய் வாட்ச்சே ஊசியில்லாம சுகர் காட்டுதே" என்று சில ஆசிரியர்கள் கேட்டார்கள். தயவுசெய்து அவற்றை நம்பாதீர்கள். தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. எண்ணை நம்பி இன்சுலின் போடும் பிள்ளைக்கு அது உயிர் விஷயம்.

இன்னொன்று. வாட்ச்சை மட்டும் அனுமதித்துவிட்டுப் போனைத் தலைமை ஆசிரியர் அறை பீரோவில் பூட்டினால், தூரம் அதிகமாகி வாட்ச்சில் எண் வராது. இரண்டும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எண்ணோடு அம்புக்குறியையும் பார்க்க வேண்டும். எங்கள் கருவியில் அம்பு நேராகக் கீழே காட்டினால் நிமிடத்துக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இறங்குகிறது என்று அர்த்தம். 110 நல்ல எண்தான். ஆனால் அந்த வேகத்தில் 20 நிமிடத்துக்குள் 70 ஆகிவிடும். மணிக்கட்டில் அதிர்வு வந்தால் பக்கத்தில் யாருக்கும் தொந்தரவில்லாமல் அவளே இரண்டு வாய் குளுக்கோஸ் தண்ணீர் குடித்துவிட்டு எழுதிக்கொண்டே இருப்பாள். சென்சார் ரத்தத்துக்குச் சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். அதனால் எண் சரியாக இருந்தும் பிள்ளை "மிஸ், லோ மாதிரி இருக்கு" என்றால், பிள்ளையை நம்புங்கள்.

காப்பி அடிப்பார்களோ என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. சிம்மைக் கழற்றி, ஃப்ளைட் மோடில் ப்ளூடூத்தை மட்டும் போட்டு, போனைக் கண்காணிப்பாளர் மேசையில் வைக்கலாம். இணையம் இல்லாமலே அலாரம் அடிக்கும். எனக்குத்தான் வீட்டில் எதுவும் தெரியாது, அதற்குச் சம்மதம். வாட்ச்சே கூடாது என்று விதி இறுக்கமாக இருந்தால், போனாவது எண் தெரியும்படி உங்கள் கண் முன்னால் இருக்கட்டும்.

பெண்ணையாற்றைத் தாண்டினால் பாகூர். அங்கே புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறிவிட்டன. டைப் 1 பிள்ளைகள் தேர்வறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோகலாம் என்று சிபிஎஸ்இ 2017-லேயே சொல்லிவிட்டது. பிறகு குளுக்கோமீட்டரும் சென்சார் கருவியும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைக்கும் அப்படி எழுத்தில் ஒரு அனுமதி கொடுங்கள். வாசலில் நிற்கும் ஆசிரியரின் மனசை நம்பி ஒரு பிள்ளை பரீட்சைக்குப் போகக் கூடாது.

லோ ஆனால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மார்ச்சில் பொதுத்தேர்வு. அதற்கு முன் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் பழைய சென்சார் ஒன்றையும் வாட்ச்சையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். அரை மணி நேரம் போதும். அந்த விடைத்தாளையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா
மஞ்சக்குப்பம், கடலூர்