ஆலோசகர் அறையை வேறு மாடிக்கு மாற்றுங்கள்

மருத்துவக் கல்லூரி முதல்வர்களுக்கும் பேராசிரியர்களுக்கும், வணக்கம்.

நான் இறுதியாண்டு மாணவி. முதலாண்டில் எங்களுக்கு மன அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றி ஒரு பயிலரங்கு நடந்தது. மறுநாள் காலை அனாடமி வைவா, அதாவது உடற்கூறியல் வாய்மொழித் தேர்வு. மேடையில் ஒருவர் மூச்சை இழுத்து விடச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் நாங்கள் நோட்டை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு நரம்புக் கிளைகளை உருப்போட்டுக்கொண்டிருந்தோம். வருகைப் பதிவு எடுப்பார்கள் என்பதால்தான் பாதிப் பேர் வந்ததே. (மூச்சுப் பயிற்சியைக் குறை சொல்லவில்லை. எனக்கு அது பிடிக்கும், தூங்கி எழுந்த நாட்களில்.)

2016-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில், பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு ஒன்று வந்தது; நீங்கள் படித்திருப்பீர்கள். மருத்துவ மாணவர்களில் 27.2 சதவீதம் பேருக்கு மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. 11.1 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருந்தது. இவற்றைவிட என்னை உறுத்துவது இன்னொரு எண். மனச்சோர்வு இருப்பதாகத் தெரியவந்தவர்களில் சிகிச்சை தேடிப் போனவர்கள் வெறும் 15.7 சதவீதம். அறிகுறியைப் பார்த்து நோயைச் சொல்லப் பழகுகிற கூட்டம் ஐயா இது! தெரியாமலா போகாமல் இருக்கிறோம்?

நான் ஏன் போகவில்லை என்று சொல்கிறேன். இரண்டாம் ஆண்டில் இன்டர்னல் (கல்லூரியே நடத்தும் உள்தேர்வு) ஒன்றில் தோற்றுப்போய், மூன்று வாரம் சரியாகத் தூங்காமல், ஒரு மதியம் ஆலோசகரைப் பார்க்கப் படியேறினேன். அவர் அறை, துறைத்தலைவர் அறைக்கு எதிரே. வாசலில் ஒரு பதிவேடு: பெயர், பேட்ச், வந்த காரணம். எனக்கு முந்தைய வரியில் என் வகுப்புத் தோழியின் பெயர் இருந்தது. அதை நான் படித்தது போலத்தானே என் பெயரையும் அடுத்து வருகிறவர் படிப்பார்? திரும்பி வந்துவிட்டேன். அன்று இரவு விடுதி மாடியில் ஒரு சீனியர் அக்கா, தானும் அதே இன்டர்னலில் தோற்ற கதையைச் சொன்னார். அதில்தான் தேறினேன். அந்த அக்கா அன்று டியூட்டியில் இருந்திருந்தால்?

எங்களை வழிநடத்துகிறவரும் எங்களுக்கு மதிப்பெண் போடுகிறவரும் ஒரே ஆளாக இருக்கும்வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வார்டில் கண் கலங்கினாலே "டாக்டராகப் போகிறவள் இப்படியா?" என்று கேட்கும் இடத்தில், உள்ளதைச் சொல்வதற்கு விலை அதிகம்.

மன அழுத்தத்தைச் சமாளிப்பதில் இரண்டு வகை உண்டு என்று உளவியலாளர்கள் லாசரஸும் ஃபோக்மனும் 1984-இல் எழுதினார்கள்: பிரச்சினையையே கையாள்வது, அது கிளப்பும் உணர்ச்சியைக் கையாள்வது. பயிலரங்குகள் எல்லாம் இரண்டாவதைத்தான் கற்றுத்தருகின்றன. முதலாவதற்கு எங்களிடம் அதிகாரம் இல்லை. மூச்சு எங்களுடையது, தேர்வு அட்டவணை உங்களுடையது.

அட்டவணையில் கை வைத்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி, தொடக்க ஆண்டுகளில் தர வரிசையை விட்டுவிட்டுத் தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் வைத்தது. வகுப்பு நேரத்தையும் குறைத்தது. அதன்பின் அங்கே மாணவர்களின் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்ததாகப் பதிவாகியிருக்கிறது.

பட்டமளிப்பன்று எங்களை எடுக்கச் சொல்லும் உறுதிமொழிகளில், உலக மருத்துவச் சங்கம் மருத்துவர்களுக்காக வகுத்த ஜெனீவா பிரகடனமும் ஒன்று. நல்ல சிகிச்சை தருவதற்காக என் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் பேணுவேன் என்ற வரி அதில் 2017-இல் சேர்ந்தது. நாங்கள் அதை உரக்கச் சொல்லத் தயார். அதற்கு முன், அந்தப் பதிவேட்டை எடுத்துவிடுங்கள். ஆலோசகர் அறை துறைத்தலைவர் கண்ணில் படாத மாடிக்குப் போகட்டும். அடுத்த தேர்வு அட்டவணை போடும் கூட்டத்தில் மாணவர் இருவருக்கு நாற்காலி போடுங்கள்.

இப்படிக்கு,
பெயரைப் பதிவேட்டில் எழுதாமல் திரும்பியவள்