சைக்கிளுக்கு முன்னால் பைக்கை இறக்குங்கள்

தர்மபுரி மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவரான ஆட்சியர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தடையில்லாத நடைபாதை, அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் உரிமை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடந்து போகிறவர்கள், மோட்டார் இல்லாத வண்டிகள் இரண்டுக்கும் விதி வகுக்கும்படி அதே வழக்கில் அக்டோபரில் மாநிலங்களுக்கு ஆறு மாதக் கெடுவும் விதித்தது. சரி, விதி வரட்டும். 'பிளாட்பாரத்தில் சைக்கிள் ஓட்டக்கூடாது' என்று ஒரு போர்டை நட்டுவிட்டு கணக்கை முடித்துவிடுவார்களோ என்பதுதான் என் கவலை.

சைக்கிள் அங்கே ஏறக்கூடாது என்பதே என் கட்சியும். பின்னாலிருந்து சத்தமே இல்லாமல் வருகிற வண்டி அது. பெல் அடித்தாலும் காது மந்தமான பெரியவர் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் நடுவிலேயே நின்றுவிடுவார்.

ஆனால் ஏறுவது யார் என்று பாருங்கள். அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில், கேரியரில் புத்தக மூட்டையைக் கட்டிக்கொண்டு வரும் பிளஸ் ஒன் பிள்ளை. சாலையோரம் முழுக்க பைக் நிற்கிறது. அதைச் சுற்றிப் போனால் முதுகுக்குப் பின்னால் டவுன் பஸ் ஹாரன். ஒரு காலை ஊன்றி, முன் சக்கரத்தைத் தூக்கி பிளாட்பாரத்தில் வைக்கிறாள். அங்கே டீக்கடை பெஞ்சு, ஜவுளிக்கடை பொம்மை, அப்புறம் யாரோ நிறுத்திய புல்லட். மறுபடி இறங்குகிறாள்.

நடைபாதையில் மோட்டார் வண்டி ஓட்டக்கூடாது என்று ஏற்கெனவே விதி இருக்கிறது. சிக்னலில் நிற்கப் பொறுமை இல்லாமல் மேலே ஏறி வரும் பைக்கை அதன்படி பிடியுங்கள். சைக்கிளைப் பிடிப்பது சுலபம், அந்தப் பிள்ளையிடம் சிபாரிசுக்கு ஆளும் இல்லை. அதனால்தான் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

குடியிருப்புப் பகுதியில்கூட நடக்கும் இடம் தடையில்லாமல் 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது, சாலைகளுக்குத் தர அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறை. டேப் வைத்து அளந்து, குறுக்கே நிற்பதை எடுத்துவிடுங்கள். ஜப்பானில் 13 வயதுக்கு உட்பட்டவர்களும் 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களும் மெதுவாக, நடப்பவர்களுக்கு வழிவிட்டு நடைபாதையில் சைக்கிள் ஓட்டலாம். சின்னப் பிள்ளைகளுக்கு நாமும் அப்படி விடலாம். மற்றவர்கள் இறங்கி உருட்டிக்கொண்டு போகட்டும்.

அடுத்த கூட்டத்தை ஒரு நாள் பள்ளி விடும் நேரத்தில், கடைத்தெருவில் நடந்துகொண்டே நடத்துங்கள். ஜீப்பைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்திவிட்டு வாருங்கள், பிளாட்பாரத்தில் வேண்டாம்.

இப்படிக்கு,
தர்மபுரியில் நடந்தே கடைக்குப் போகும் ஒருவர்