குட்டிக்கு எந்த பேட்?

அன்பு மகளுக்கு,

உன் நாய்க்குட்டி வீட்டுக்குள் சிறுநீர் போகத் தரையில் விரிக்கும் உறிஞ்சு விரிப்பில், அதாவது பேட்டில், துவைப்பதை வாங்கலாமா, எறிந்துவிடுவதை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். துவைத்துத் துவைத்துப் பயன்படுத்துவதையே வாங்கு என்பேன். ஆனால் அதற்கு நாயைவிட உன்னைத்தான் முதலில் திருத்த வேண்டும். அழுக்குத் துணியை வாரக் கடைசி வரை குவித்து வைக்கும் உன் வழக்கம் இங்கே செல்லாது. சிறுநீர் ஊறிய துணியை அப்படியே போட்டு வைத்தால் அம்மோனியா வாடை ஏறி, பிறகு எத்தனை முறை அலசினாலும் லேசில் போகாது.

எறிந்துவிடும் பேட்டில் இந்தத் தொல்லை இல்லை. சுருட்டிக் குப்பையில் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் உன் குட்டிதான் பல் முளைக்கிற வயதில் கண்டதையெல்லாம் கடிக்கிறதே! அந்த பேட்டுக்குள் மரக்கூழ்ப் பஞ்சும், ஈரம் பட்டால் ஜெல்லாக உப்பும் துகள்களும் இருக்கும். குழந்தைகளின் டயப்பரில் இருப்பதும் அதுதான். அடியில் பிளாஸ்டிக் தாள். பெரிய துண்டாகக் கிழித்து விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளக்கூடும். அப்படி விழுங்கிவிட்டு வாந்தி எடுத்தாலோ, சாப்பிட மறுத்தாலோ காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போ. துணி பேட்டையும் கடிக்கும்தான். ஆனால் ஓரம் அழுத்தமாகத் தைத்தது அவ்வளவு எளிதில் துண்டாகாது. பிரிந்த நூலைக் கண்டால் மட்டும் எடுத்துவிடு.

துவைக்கும்போது முதலில் குளிர்ந்த நீரில் அலசு. பிறகு மற்றத் துணிகளோடு சேர்க்காமல் மெஷினில் போடு. துணியை மென்மையாக்கும் திரவம் ஒரு சொட்டும் வேண்டாம். மணக்கிறது என்று ஊற்றுவாய், எனக்குத் தெரியும். அது இழைகளின் மேல் படலமாகப் படிந்து, பேட் ஈரத்தை உறிஞ்சவிடாமல் செய்துவிடும். குளோரின் பிளீச்சும் கூடாது. சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் நச்சுவாயு வரும். அதிகச் சூட்டில் உலர்த்தினால் அடிப்பக்கத்து நீர்புகாத பூச்சு வெடித்துப் போகும்.

துணி பேட்டில் ஒரு சிக்கல் உண்டு. காலுக்கு மெத்தென்று இருப்பதால், கால்மிதியும் தரைவிரிப்பும் அதே வேலைக்குத்தான் என்று குட்டி நினைத்துக்கொள்ளும். பழகும் வரை அவற்றைச் சுருட்டி வைத்துவிடு. சாப்பாட்டுத் தட்டுக்கும் படுக்கைக்கும் அருகில் பேட்டை விரிக்காதே. அங்கே அது போகாது. குட்டி சின்னது என்று சின்ன பேட் வாங்கிவிடாதே. போவதற்கு முன் சுற்றிச் சுற்றி வரும், முன்னங்கால்கள் மட்டும் பேட்டில் நிற்கும், மற்றதெல்லாம் தரையில்.

எறியும் பேட்டிலும் ஒரு சின்ன கட்டு வாங்கி அலமாரியில் வை. வெளியூர்ப் பயணத்துக்கும் வயிற்றுப்போக்கு நாட்களுக்கும் அதுதான் சரி. அந்த நேரத்தில் துவைக்கிறேன் என்று வீம்பு பிடிக்காதே.

துணி பேட் குறைந்தது மூன்று வேண்டும்: ஒன்று தரையில், ஒன்று மெஷினில், ஒன்று கொடியில். மழை பிடித்துக்கொண்டால் நான்காவதும் தேவைப்படும்.

அன்புடன்,
அப்பா