எது கற்பனை என்று நீங்களே சொல்லிவிடுங்கள்

வாழ்ந்து மறைந்தவர்களின் கதையைப் படமாகவும் தொடராகவும் எடுக்கும் இயக்குநர்கள், தயாரிப்பாளர்கள், எழுத்தாளர்களுக்கு வணக்கம்.

நான் கணினி அறிவியல் ஆசிரியை. போன மாதம் என் மாணவர்களுக்கு, கணினி அறிவியலின் முன்னோடியான ஆலன் டூரிங் பற்றிய 'தி இமிடேஷன் கேம்' படத்தைப் போட்டுக் காட்டினேன். பாடத்தில் வெறும் பெயராக இருப்பவர் மனிதராகத் தெரியட்டும் என்ற ஆசைதான். மறுநாள் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். நன்றாகப் படிக்கும் ஒரு பெண் எழுதியிருந்தாள்: "டூரிங் பெரிய அறிவாளி. ஆனால் தன் ரகசியம் வெளியே தெரிந்துவிடும் என்று பயந்து, ஒரு சோவியத் உளவாளியைக் காட்டிக்கொடுக்காமல் விட்டுவிட்டார்."

அவள் மேல் தப்பே இல்லை. படத்தில் அப்படித்தான் வருகிறது. டூரிங்கின் தன்பாலின உறவை வெளியே சொல்லிவிடுவேன் என்று உளவாளி மிரட்ட, அவர் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார். உளவாளி ஜான் கேர்ன்கிராஸ் நிஜ மனிதர். இரண்டாம் உலகப் போரில் எதிரிகளின் ரகசியச் செய்திகளைப் பிரிட்டன் உடைத்துப் படித்த பிளெட்ச்லி பார்க்கில் அவர் வேலை பார்த்ததும் நிஜம். ஆனால் டூரிங்கின் குழுவில் அவர் இருந்ததில்லை. இருவரும் பழகியதற்கே சான்று கிடையாது. அந்த மிரட்டலும் மௌனமும் முழுக்கக் கற்பனை.

யாரைப் பற்றி இப்படிக் கற்பனை செய்தார்கள் என்று பாருங்கள். தன்பாலின உறவுக்காக 1952-இல் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டவர். சிறைக்குப் பதிலாக ஹார்மோன் மருந்தை உடம்பில் ஏற்றிக்கொண்டவர். 1954-இல், 41 வயதில் இறந்துபோனார். அரச மன்னிப்பு கிடைக்க 2013 ஆனது. அடுத்த ஆண்டே படம் வந்து, அவர் செய்யாத துரோகத்தை அவர் பெயரில் எழுதிவிட்டது. மறுத்துப் பேச அவர் இல்லை.

"அப்போ வேற எதெல்லாம் பொய் மிஸ்?" என்று அந்தப் பெண் கேட்டாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு மாலை உட்கார்ந்து தேடினேன். ரகசியச் செய்திகளை உடைக்க டூரிங் வடிவமைத்த இயந்திரத்தைப் படம் 'கிறிஸ்டஃபர்' என்று அழைக்கிறது; அதன் நிஜப் பெயர் 'பாம்ப்'. அதை மேம்படுத்தியதில் பெரும் பங்குள்ள கார்டன் வெல்ச்மன் படத்தில் இல்லவே இல்லை. இந்த வேலையை ஏன் பார்ப்பவர் தலையில் கட்டுகிறீர்கள்? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

நான் கேட்பது இவ்வளவுதான். படம் முடிந்ததும், பெயர்கள் ஓடும் முன், எந்தெந்தப் பாத்திரங்கள், எந்தெந்தக் காட்சிகள் உங்கள் கற்பனை என்று எழுதிக் காட்டுங்கள். அரை நிமிடம் போதும்.

கற்பனையே கூடாது என்று சொல்லவில்லை. மூடிய அறைக்குள் நடந்த பேச்சை யாரும் குறித்து வைப்பதில்லை. பத்து வருடத்தை இரண்டு மணி நேரத்தில் சுருக்கத்தான் வேண்டும். ஆனால் காட்சிக்கு இருக்கும் பலம் உங்களுக்குத் தெரியாததா? 1959-இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்குச் சக்தி கிருஷ்ணசாமி எழுதிய வசனத்தை, கட்டபொம்மனே பேசியதாக நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

விளம்பரத்தில் 'உண்மைக் கதை' என்று பெரிதாகப் போடுகிறீர்கள். தவறைச் சுட்டினால் 'இது ஆவணப்படம் இல்லையே' என்கிறீர்கள். விற்கும்போது உண்மை, கேள்வி வந்தால் கற்பனை. இது நியாயமே இல்லை. பிரிட்டிஷ் அரச குடும்பத்தைப் பற்றிய 'தி கிரவுன்' தொடரின் ஐந்தாம் பருவ முன்னோட்டத்துக்கான யூடியூப் விவரத்தில் அது புனைவு என்ற குறிப்பு 2022-இல் சேர்க்கப்பட்டது, அதுவும் பலர் குரல் கொடுத்த பிறகு. அந்தக் குறிப்பிலும் எந்தக் காட்சி புனைவு என்பது இல்லை.

கோபத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் படங்களை விரும்பிப் பார்ப்பவள் என்பதால்தான் எழுதுகிறேன். அந்தப் பெண் தன் பக்கத்தைத் திருத்தி எழுதிவிட்டாள். படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே எழுந்து போனவர்களுக்கு யார் சொல்வது? தயவுசெய்து அடுத்த படத்திலிருந்தாவது, எது கற்பனை என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணினி ஆசிரியை