சஸ்பென்ஸ் கணக்கை முடித்துவிட்டுப் போங்கள்

அனிமேஷன் அலுவலகக் காமெடித் தொடர்களின் கடைசி எபிசோடை எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். மேனேஜர், மீட்டிங், பிறந்தநாள் கேக், ஒருவர் செய்த தப்புக்கு இன்னொருவர் எழுதிக் கொடுக்கும் விளக்கக் கடிதம் என்று நீங்கள் வரைந்து காட்டுகிற எல்லாமே எனக்குப் பழக்கமானவை. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். ஒரு சீசனில் நீங்கள் கிளப்பும் கேள்விக்கு அந்த சீசனிலேயே பதில் சொல்லிவிடுங்கள். கேட்க வந்தது இது ஒன்றுதான்.

உலகத்துச் சதிகளையெல்லாம் நடத்தும் ஒரு ரகசிய அலுவலகத்தைப் பற்றிய நெட்ஃபிளிக்ஸ் அனிமேஷன் தொடர் 'இன்சைட் ஜாப்'. அதன் விஷயத்தை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2022 ஜூனில் அடுத்த சீசன் உண்டு என்றார்கள். நவம்பர் 18 அன்று இரண்டாம் பகுதியாக எட்டு எபிசோடுகள் வந்தன. 2023 ஜனவரியில், பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால், அடுத்த சீசன் கிடையாது என்று செய்தி வந்தது. உண்டு என்று சொன்னதை இல்லை என்று மாற்றச் சுமார் ஏழு மாதம்தான் ஆனது.

என் தங்கை வேறு ஊரில் நர்ஸ். நைட் டியூட்டி மாறி மாறி வரும். இரண்டு பேருக்கும் ஓய்வு ஒன்றாகக் கிடைப்பது வாரத்தில் ஒரு நாள்தான். அன்று போனில் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணி, இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் பிளே பட்டனை அழுத்துவோம். அவள் பக்கம் நெட் மெதுவாக இருக்கும். ஒரு ஜோக்குக்கு நான் சிரித்து முடித்து நாலு நொடி கழித்து அவள் சிரிப்பாள். அந்த நாலு நொடியும் நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்களுக்குள் சட்டம். வாரம் ஒன்று என்று ஏழு எபிசோடு பார்த்தாயிற்று. எட்டாவதை மட்டும் பொங்கலுக்கு அவள் வீட்டுக்கு வரும்போது, ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்ப்பதற்காக எடுத்துவைத்திருந்தோம்.

அதற்குள் செய்தி வந்துவிட்டது. இருந்தாலும் பார்த்தோம். நாயகி ரீகன் ரிட்லி, காதலன் ரானோடு பழைய நினைவுகளை அழித்துக்கொண்டு ஆப்பிள்டன் என்கிற சாதாரண ஊருக்குப் போய் சாதாரணமாக வாழத் திட்டம் போடுகிறாள். கடைசியில் அவன் மட்டும் நினைவழிந்து போகிறான், அவள் தங்கிவிடுகிறாள். நல்ல எபிசோடு. என் தங்கை அழுதாள். திரையின் மூலையில் வேறு ஏதோ தொடருக்கான கவுண்ட்டவுன் ஓட ஆரம்பித்ததும், 'அப்புறம் என்ன ஆச்சுக்கா?' என்று கேட்டாள். செய்தியை எனக்கு முதலில் சொன்னதே அவள்தான். தெரிந்திருந்தும் கேட்டாள்.

தொடரை நிறுத்தியது நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். 'இன்சைட் ஜாப்'பை உருவாக்கிய ஷியான் டகேயுச்சி அந்த முடிவை எடுக்கவில்லை, அவரும் நம்மைப் போல வருத்தப்பட்டவர்தான். எந்தக் கணக்கைப் பார்த்து எது நிறுத்தப்படுகிறது என்பது ஆபீஸ் வாசல் வரை வந்து சேராத ரகசியம். ஆனால் அதனாலேயே உங்களிடம் கேட்கிறேன். நிறுத்துவது உங்கள் கையில் இல்லை. முடிப்பது உங்கள் கையில் இருக்கிறது.

கணக்கெழுதுகிறவர்களுக்கு 'சஸ்பென்ஸ் கணக்கு' என்று ஒன்று உண்டு. ஒரு தொகை வந்திருக்கும், யார் போட்டார்கள், எதற்குப் போட்டார்கள் என்று தெரியாது. தெரிகிற வரை அதை அங்கே எழுதிவைப்போம். தப்பே இல்லை, தேவையான கணக்குதான். ஆனால் மார்ச் 31 நெருங்கும்போது அதில் ஒரு ரூபாய் நின்றாலும் ஆடிட்டர் விடமாட்டார். 'அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் சார்' என்று சொல்லிப் பாருங்கள். நான் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன்.

நீங்கள் அதைத்தான் வருடா வருடம் சொல்கிறீர்கள்.

இது பழைய வித்தை என்பதும் தெரியும். 'டல்லஸ்' என்ற அமெரிக்கத் தொடரில் ஜே.ஆர். என்ற பாத்திரத்தைச் சுட்டது யார் என்று 1980 மார்ச்சில் கேட்டுவிட்டு, பதிலை நவம்பரில் சொன்னார்கள். நடிகர்கள் வேலைநிறுத்தம் வேறு நடுவில் வந்து தாமதமானது. 1990 ஜூனில் விண்வெளித் தொடரான 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தன் கேப்டனையே எதிரி ஆக்கி, அவர் இருந்த கப்பலைச் சுடச் சொல்லி உத்தரவு போட்ட இடத்தில் நிறுத்தியது. செப்டம்பரில் தொடர்ந்தது. அமெரிக்காவில் அப்போது கோடையில் தொலைக்காட்சித் தொடர்களுக்கு விடுமுறை, இலையுதிர் காலத்தில் புது சீசன். போன பார்வையாளர் திரும்பி வர வேண்டுமே என்று ஒரு கொக்கியை மாட்டிவிட்டுப் போனார்கள். திரும்பி வருவோம் என்று அவர்களுக்குப் பெரும்பாலும் உறுதி இருந்தது.

உங்களுக்கு அந்த உறுதி எங்கே இருக்கிறது? 'இன்சைட் ஜாப்' முதல் பகுதி 2021 அக்டோபர் 22 அன்று வந்தது. பத்து எபிசோடும் ஒரே நாளில். அதன் முடிவில் தலைமை நாற்காலி ரீகனின் கைக்கு எட்டும் நேரத்தில், அவளுடைய அப்பா ரேண்டைக் கொண்டுவந்து அதில் உட்காரவைத்தீர்கள். சொந்த மகளின் நினைவையே அழித்தவர். அவரிடம் இனி தினமும் குட் மார்னிங் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் திரை கறுத்தது. அடுத்த காட்சிக்குப் பதின்மூன்று மாதம். படம் வரைவது, குரல், அசைவு என்று அனிமேஷன் மெதுவாகத்தான் நடக்கும், குறை சொல்லவில்லை. ஆனால் மெதுவாக நடக்கிற வேலை, அடுத்தது உண்டா என்று தெரியாத வேலை, இதில் கொக்கி மாட்டுகிறவருக்குத் துணிச்சல் அதிகம்தான். மாட்டிக்கொண்டு தொங்குவது நாங்கள்.

இந்த வகைத் தொடர்களில் இன்னொரு வழக்கத்தையும் கவனித்திருக்கிறேன். சீசன் முடிவில் யாராவது ஒருவருக்கு ஆபீஸை விட்டு வெளியேற ஒரு கதவு திறக்கும். ஜப்பானிய அனிமேஷன் தொடர் 'அக்ரெட்ஸுகோ'வில் கணக்குப் பிரிவு ஊழியை ரெட்ஸுகோவுக்கு முதலில் காதல், அப்புறம் பணக்கார டடானோ, அப்புறம் பாட்டுக் குழு. விண்வெளிக் கப்பலின் கீழ்நிலை ஊழியர்களைப் பற்றிய ஸ்டார் ட்ரெக் அனிமேஷன் தொடர் 'லோயர் டெக்ஸ்'ஸில் பாய்ம்லருக்குப் பெரிய கப்பலில் பதவி உயர்வு. ரீகனுக்கு ஆப்பிள்டன். கதவு திறக்கும், காற்று வரும், பிறகு எல்லோரும் அதே மேஜைக்குத் திரும்பி வருவார்கள். பாய்ம்லர் அடுத்த சீசனின் இரண்டாம் எபிசோடிலேயே வந்துவிட்டான். இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன். ராஜினாமாக் கடிதத்தை டிராஃப்டில் வைத்துக்கொண்டு மாதக் கடைசி கணக்கை முடிக்கிறவர்கள் என் பிரிவிலேயே மூன்று பேர். திரும்பி வருவதுதான் உண்மை. கதவில் ஒரு காலை வைத்தபடி ஆளை உறையவைத்துவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ரெட்ஸுகோவையே பாருங்கள். டடானோவுக்குக் கல்யாணத்தில் நம்பிக்கை இல்லை, அவளுக்கு அது வேண்டும். இரண்டாம் சீசனில் வந்த கேள்வி, இரண்டாம் சீசனிலேயே பிரிவில் முடிந்தது. மறுநாள் அவள் அக்கவுண்ட்ஸ் மேஜைக்கு வந்துவிட்டாள். அதனால் தொடர் செத்தா போனது? 2018 முதல் 2023 வரை ஐந்து சீசன் ஓடியது.

'லோயர் டெக்ஸ்' இதில் இன்னும் கில்லாடி. இரண்டாம் சீசன் முடிவில் கேப்டன் ஃப்ரீமனைக் கைது செய்து 'தொடரும்' போட்டார்கள். பத்து மாதம் கழித்து மகள் மரினர் அம்மாவைக் காப்பாற்றக் கப்பலையே திருடிக்கொண்டு கிளம்பினால், அதற்குள் அம்மா விடுதலை ஆகிவிட்டார். விசாரணை முறைப்படி நடந்து, உண்மை தானாக வெளியே வந்திருந்தது. கொக்கியையே ஜோக்காக்கிவிட்டார்கள். அதே தொடர் 2024 டிசம்பரில் முடிந்தபோது ஃப்ரீமன் வேறு நிலையத்துக்குப் போனார், அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ரான்சம் கேப்டன் ஆனார், மரினரும் பாய்ம்லரும் துணைப் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார்கள். நாளைக்கே இன்னொரு சீசன் எடுக்கலாம். எடுக்காவிட்டாலும் எங்களுக்கு நிலுவை இல்லை. இப்படியும் எழுத முடிகிறது என்று தெரிந்துவிட்டதால்தான் கோபம் அதிகமாக வருகிறது.

கோபம் என்றதும் மற்றதும் வருகிறது. கண்ணீர் காய்வதற்குள் அடுத்த தொடரை ஓட்டிவிடுகிறார்கள், பெயர்கள் ஓடுவதைக்கூடப் பார்க்க விடுவதில்லை. 'இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?' என்று ஒரு கேள்வி வேறு. நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம் ஐயா, தொடரைக் காணோம். அரைகுறையாக நின்றவற்றுக்கு முகப்பில் தனியாக ஒரு வரிசை போட்டு, 'இவை முடியாதவை, தெரிந்தே உள்ளே வரவும்' என்று எழுதிவைத்தால்கூடப் புண்ணியம். சிகரெட் பாக்கெட்டில் போடவில்லையா?

மன்னிக்கவும், இது உங்களுக்கான புகார் இல்லை. உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். சீசன் முடிவை எழுதும்போது இதுவே கடைசி எபிசோடு என்று நினைத்து எழுதுங்கள். புதுக் கேள்வி ஒன்றை மேஜையில் விட்டுச் செல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்து எபிசோடாக எங்களைக் கேட்கவைத்த பழைய கேள்வியை மட்டும் முடித்துவிட்டுப் போங்கள். நாற்காலி யாருக்கு என்று கேட்டால், யாருக்கு என்றும் அதை அவர் என்ன செய்தார் என்றும் சொல்லுங்கள். தயவுசெய்து.

தங்கைக்கு அடுத்த மாதம் பகல் டியூட்டி. புதிதாக ஏதாவது ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறாள். முதலில் அது முடிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பார்வையாளர்