'அட்டாக் ஆன் டைட்டன்' முடிவு பிடிக்காமல் போன நண்பர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாசக நண்பர்களே,

2021 ஏப்ரல் 9 அன்று ஹாஜிமே இசயாமாவின் 'அட்டாக் ஆன் டைட்டன்' என்ற மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, 139ஆம் அத்தியாயத்தோடு முடிந்தது. 2009 செப்டம்பரில் தொடங்கிப் பதினொன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஓர் இதழில் மாதாமாதம் வந்த கதை அது. அதன் முடிவைப் பற்றிய சண்டை இன்றும் ஓயாததால்தான் இதை எழுதுகிறேன். இன்னும் படிக்காதவர்கள் இருந்தால் இந்த மடலை இங்கேயே மூடி வைத்துவிடுங்கள். கடைசி வரை எல்லாவற்றையும் பேசப்போகிறேன்.

உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. தன் மக்களைச் சூழ்ந்திருந்த பெருஞ்சுவர்களுக்குள் உறங்கிக் கிடந்த டைட்டன்கள் என்ற ராட்சதர்களை எழுப்பி உலகத்தின் மேல் நடக்கவிட்டான் கதையின் நாயகன் எரன். மனித குலத்தில் 80 விழுக்காடு நசுங்கிப் போனது. அப்படிப்பட்டவனிடம் அவன் உயிர் நண்பன் அர்மின், 'எங்களுக்காகக் கொலைகாரனாக ஆனாயே, நன்றி' என்கிற பொருளில் ஒரு வரி பேசுகிறான். எதிரியிடம்கூடப் பேசிப் பார்க்கலாம் என்று கதை முழுக்க நம்பி வந்தவன் அர்மின். அவன் வாயில் அந்த வரி வந்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. படிப்பதை நிறுத்திவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

முதன்முதலில் டைட்டன் சக்தியைப் பெற்ற யிமிரின் விஷயமும் அப்படித்தான். இரண்டாயிரம் ஆண்டுகள் அடிமையாகவே இருந்த ஒரு பெண், தன்னை வதைத்த அரசன் மீது வைத்திருந்த அன்பிலிருந்து விடுபட முடியாமல் தவித்தாள், எரனைச் சிறு வயதிலிருந்தே நேசித்த மிகாசாதான் அவளை விடுவித்தாள் என்று கடைசி அத்தியாயம் சொல்கிறது. கனமான செய்தி. அதற்குக் கொடுத்த இடமோ சில படக்கட்டங்கள்தான். 122ஆம் அத்தியாயத்தில் அவள் கதையை வார்த்தையே அதிகம் இல்லாமல் அவ்வளவு நிதானமாக வரைந்த கை, முடிவில் அவசரப்பட்டுவிட்டது. இதை நான் எங்கும் மறுக்கமாட்டேன்.

ஆனால் நண்பர்களே, முடிவு வெளிவந்த வாரம் நம்மில் பலர் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. 'பதினோரு வருஷத்தைத் திருப்பிக் கொடு' என்று எழுதினார்கள். அதற்கும் கீழே இறங்கி, இசயாமாவின் பிறப்பையும் மனநலத்தையும் இழுத்து எழுதியதையும் பார்த்தேன். கதையில் ஒரு பாத்திரம் சரியாக எழுதப்படவில்லை என்பதற்காக எழுதியவரை வதைக்க நமக்கு என்ன உரிமை?

எப்படிப் படித்தோம் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். இதழ் வெளிவரச் சில நாட்கள் இருக்கும்போதே பக்கங்கள் கசிந்துவிட்டன. முதலில் நம் கைக்கு வந்தது யாரோ எழுதிய சுருக்கம். அப்புறம் அரைகுறைப் படங்கள், அவசர மொழிபெயர்ப்பு. சுருக்கத்தில் 'அர்மின் நன்றி சொல்கிறான்' என்ற ஒரே வரிதான் இருந்தது. அவன் முகம் இல்லை, அதற்கு முன் நடந்த பேச்சு இல்லை. முழு அத்தியாயமும் வந்தபோது பலர் தீர்ப்பை எழுதி முடித்திருந்தார்கள். நானும் சுருக்கத்தைத்தான் முதலில் படித்தேன். அப்படிப் படித்திருக்கக் கூடாது.

இன்னொன்றும் நடந்தது. 2018இல் ஜப்பானியத் தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்றில் இசயாமா கதையின் கடைசிப் படக்கட்டம் என்று ஒரு படத்தைக் காட்டினார். ஓர் ஆண் கைக்குழந்தையை ஏந்தியிருக்கிறான். 'நீ சுதந்திரமானவன்' என்று எழுதியிருக்கிறது. அந்த ஒரு படத்தை வைத்து நாம் எத்தனை கதைகள் கட்டினோம்! குழந்தை யாருடையது, அப்பா யார், எரன் பிழைப்பானா என்று இரண்டரை ஆண்டுகள் பேசினோம். கடைசி அத்தியாயமோ வேறொரு படத்தில் முடிந்தது. ஒரு பறவை வந்து மிகாசாவின் கழுத்துத் துணியைச் சுற்றிவிட்டுப் போகிறது. நாம் கட்டியது இடிந்ததும் அவர் நம்மிடம் திருடிவிட்டார் என்று சிலர் நினைத்தார்கள். அந்த ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வீட்டைக் கட்டியது நாம்தான்.

ஓயாமா என்று ஓர் ஊர். ஜப்பானின் ஓயிட்டா மாகாணத்தில், ஹிட்டா நகரத்தோடு சேர்ந்தது. நாலு பக்கமும் மலை. அங்கே வளர்ந்தவர் இசயாமா. அங்குள்ள அணைக்கட்டின் அடியில், 2020 நவம்பரில், சிறு வயது எரன், மிகாசா, அர்மின் மூவருக்கும் சிலை வைத்தார்கள். அண்ணாந்து அணையின் சுவரைப் பார்த்தபடி மூவரும் நிற்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஏங்கிய ஒரு பையன்தான் இந்தக் கதையை எழுதத் தொடங்கினான் என்பது அந்தச் சிலைகளின் படத்தைப் பார்த்தாலே தெரியும். தொடங்கும்போது அவருக்கு 23 வயது. முடிக்கும்போது 34.

23 வயதில் யோசித்த முடிவை 34 வயதில் எழுதுவது எப்படி இருந்திருக்கும்? 2023இல் நியூயார்க் டைம்ஸுக்குக் கொடுத்த பேட்டியில் அவர் இதைத்தான் சொன்னார். முழுச் சுதந்திரம் இருந்திருந்தால் முடிவை மாற்றியிருக்க முடியும், ஆனால் இளமையில் நினைத்ததிலேயே தான் கட்டுண்டு போனதாகச் சொன்னார். எரனுக்குக் கிடைத்த பெரும் சக்தியே அவனைக் கட்டிப் போட்டதுபோல, மங்காவும் தன்னைக் கட்டிப் போட்டது என்றார். அதைப் படித்த பிறகு என்னால் கடைசி அத்தியாயத்தை முன்புபோலப் படிக்க முடியவில்லை. எதிர்காலத்தை முன்பே பார்த்துவிட்டவன், அதை நோக்கி நடப்பதைத் தவிர வேறு வழியில்லாதவன், 'ஏன் செய்தேன் என்று தெரியவில்லை, செய்யவேண்டும் போலிருந்தது' என்று அழுகிற எரன். அவன் வழியாக எழுதியவரும் பேசுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எரனின் குணத்தைக் கடைசி அத்தியாயம் கெடுத்துவிட்டது என்பது உங்களில் பலரின் வாதம். இதில் நான் உங்களோடு உடன்படவில்லை. 131ஆம் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். தான் கொல்லப்போகும் சிறுவன் ராம்சியின் முன்னால் மண்டியிட்டு அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்கிறான். சுவருக்கு வெளியே மனிதர்கள் வாழ்கிறார்கள் என்று அறிந்தபோது தனக்கு ஏமாற்றமாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறான். அழுகிற எரன் அங்கேயே வந்துவிட்டான். மிகாசா தன்னை மறந்து வேறொருவனோடு வாழக்கூடாது, பத்து வருஷமாவது தன்னையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அவன் புலம்புவதைச் சிரித்தும் வெறுத்தும் பகிர்ந்தீர்கள். எனக்கோ அந்த அத்தியாயத்திலேயே மிகவும் உண்மையான பக்கம் அதுதான். அவனுக்கு 19 வயது. சாகப்போகிறான். சாக விருப்பமில்லை. அவ்வளவுதான்.

முடிவைக் கொண்டாடியவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'உனக்குக் கதையே புரியவில்லை' என்று சொல்வதை நிறுத்துங்கள். புரிந்து, பலமுறை படித்து, அதனாலேயே வேதனைப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தைக் காட்டி, வரியைக் காட்டிப் பேசினார்கள். அர்மினின் அந்த வரி இனப்படுகொலைக்கு நன்றி சொல்வதுபோல ஒலிக்கிறது என்று தெளிவாக எழுதினார்கள். 2023 நவம்பரில் இந்தக் கதையின் அசைபடத் தொடரான அனிமேயின் கடைசிப் பகுதி வந்தபோது அந்த உரையாடலே மாறியிருந்தது. இசயாமாவே அதைத் திருத்தி எழுதியிருந்தார். அதில் அர்மின் நன்றியோடு நிற்கவில்லை. வெளியுலகத்தைப் பற்றிய ஆசையை எரனுக்குள் விதைத்தது தான்தான் என்கிறான், பாவத்தில் தனக்கும் பங்குண்டு என்கிறான், நரகத்தில் இருவரும் சேர்ந்தே இருப்போம் என்கிறான். அதுதான் எனக்குத் தெரிந்த அர்மின். அவரை மாற்றி எழுத வைத்தது எது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வரியைச் சுட்டிக்காட்டிய விமர்சனத்துக்கு அங்கே பதில் இருந்தது. வசைக்கு அப்படி எந்தப் பதிலும் கிடைக்கவில்லை, கிடைக்கவும் வேண்டாம்.

அதற்கு ஓராண்டு முன்பு, 2022 நவம்பரில், நியூயார்க்கில் ஒரு மேடையில் அவர் வாசகர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார். முடிவைப் பற்றிக் கேட்டபோது, அதோடு தான் இன்னும் போராடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அரங்கம் கைதட்டி ஆரவாரித்தது. கோடிக்கணக்கில் பிரதிகள் விற்ற ஒருவர், தன் கதையின் கடைசிப் பக்கங்களுக்காக அப்படி நிற்க நேர்ந்ததில் நம் பங்கு என்ன என்று அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டேன்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுதுங்கள், உரக்கவே எழுதுங்கள். எந்தப் பக்கம், எந்த வரி, ஏன் என்று எழுதுங்கள். மனிதரை விட்டுவிடுங்கள். கடைசித் தொகுதியான 34ஆம் தொகுதியைப் புத்தகமாகப் பார்க்காதவர்கள் ஒருமுறை பாருங்கள், இதழில் வராத கூடுதல் பக்கங்கள் அதில் உண்டு. மிகாசா முதுமையடைகிறாள், இறக்கிறாள். ஊர் வளர்ந்து வானளாவிய நகரமாகிறது, போரில் அழிகிறது. எரன் புதைக்கப்பட்ட இடத்து மரம் மட்டும் பெருத்து நிற்கிறது, ஒரு சிறுவன் நாயோடு அதை நோக்கி வருகிறான். எரன் செய்ததை இந்தக் கதை நியாயப்படுத்துகிறது என்று நம்புகிறவர்கள் அந்தப் பக்கங்களையும் சேர்த்து வாதாடுங்கள். நான் கேட்கத் தயாராக இருக்கிறேன்.

அப்புறம் முதல் அத்தியாயத்தைத் திறங்கள். மரத்தடியில் எரன் கண்ணீரோடு விழிக்கிறான். நெடுங்கனவு கண்டதுபோல இருக்கிறது என்கிறான். மிகாசாவைப் பார்த்து, 'உன் முடி இவ்வளவு நீளமாகவா இருந்தது?' என்று கேட்கிறான். போன வாரம் அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். முதல் முறை படித்தபோது அதைக் கவனிக்காமலே கடந்திருந்தேன்.

அன்புடன்,
அர்மினின் அந்த வரியை இன்னும் ஏற்க முடியாத ஒரு வாசகன்